ஃபாதரை அழைக்கப் போனவன்

இந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் ஒரு சின்ன மின்விசிறி மாட்டித் தரச் சொல்லி மூன்று வருடமாகப் பங்குப் பேரவையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஃபாதர். எனக்காக இல்லை. வெளியே மண்டியிடுகிறவருக்கு ஐந்து நிமிட வேலை. உள்ளே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இரண்டு மணி நேரம். தவக்காலம் வந்தால் ராயபுரத்தில் வெயிலும் கூடவே வந்துவிடுகிறது.

என் குரல் உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்க வேண்டியதில்லை. கோயில்பிள்ளை சவரிராஜ்தான். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து ஏழு மாதம் ஆகிறது. முதல் வெள்ளி தவறாமல் வருகிறவன் ஏன் ஏழு மாதம் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கோயில்பிள்ளையை யாரும் எண்ணுவதில்லை. கதவு, மணி, சவரி எல்லாம் ஒரே கணக்கு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடமாகக் காலை நாலரைக்கு எழுந்து கதவைத் திறக்கிறேன். வெள்ளம் வந்த வருடம் முழங்கால் தண்ணீரில் நின்று மணி அடித்தேன். கொரோனா சமயத்தில் ஊரடங்கில் அப்போதிருந்த ஃபாதரும் நானும் மட்டும் பூசை பார்த்தோம். அவர் ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்று கை விரித்தால், காலியான கோயிலில் பதில் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பாவமா என்று தெரியவில்லை.

லூயிஸைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவனை நீங்கள் கடைசி ஏழு மாதம்தான் பார்த்தீர்கள். எனக்கு அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். இரண்டு பேரும் ஒரே நாளில் பீடத்தின் முன்னால் நாக்கை நீட்டி முதல் நன்மை வாங்கினோம். பிறகு என் தங்கை சிலுவையம்மாளைக் கட்டினான், எனக்கு மச்சான் ஆனான். ஒரு பையன் பிறந்தான், ஜெரி. நாலு வயதில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான்.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம், சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்தைக் கழற்றினான் லூயிஸ். சிலுவா காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். உதறிவிட்டுக் காசிமேடு வரைக்கும் நடந்துபோய், படகுகள் நிற்கிற இடத்தில் கடலுக்குள் வீசினான். “நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதயும் குடுக்கல. இனிமே அவருக்கும் எனக்கும் ஒண்ணும் கெடையாது” என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். நானும் பின்னாலேயே போயிருந்தேன். படம் உடனே முழுகவில்லை. கொஞ்ச நேரம் முகம் மேலே பார்த்தபடி மிதந்தது.

அன்றைக்குப் போனவன்தான். சாத்தாங்காட்டில் இரும்புக் கடைகளில் கேஸ் கட்டர் பிடித்துத் தகடு அறுத்தான். எண்ணூரில் வேறொரு பெண்ணோடு இருந்தான். குடித்தான். நான் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கும் ஒரு இடத்தில் பெண் பார்த்திருந்தார்கள். சிலுவாவைத் தனியாக விட முடியாது என்று வேண்டாம் என்றேன். அவள் இட்லிக்கடை போட்டாள், நான் கோயிலைப் பார்த்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம்.

அந்த இருபத்திரண்டு வருடமும் அவனைப் பற்றிய தகவல் எனக்கு வந்துகொண்டே இருந்தது. சாத்தாங்காட்டில் லாரி ஓட்டுகிற யாசின் பாய் எனக்குப் பழக்கம், அவர் சொல்வார். கட்டர் வெடித்து இடது கை வெந்தது. எண்ணூர்க்காரி விட்டுவிட்டுப் போனாள். பல் கொட்டியது. பஸ் ஸ்டாண்டில் படுக்கிறான். ஒவ்வொன்றும் காதில் விழும்போது நான் கோயிலுக்குள் போய் ஒரு பத்து நிமிடம் மண்டியிடுவேன். அவனுக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்றுதான் சிலுவாவிடம் சொல்வேன். உண்மையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுளை உதறியவன் சீரழிகிறான், பிடித்துக்கொண்டவன் நிற்கிறான். உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று ஒரு நிம்மதி.

போன வருடம் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் திரும்பி வந்தான். பின்வாசலில் தீர்த்தத் தொட்டி பக்கத்தில் நின்றான். கையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, தொடாமல். நான்தான் முதலில் பார்த்தேன். ஆறு மணிப் பூசைக்கு அரை மணி நேரம் இருந்தது. நான் அவனிடம், “கோயில் மூடுற நேரம், அப்பால வா” என்றேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து நீங்கள் வண்டியில் வந்து இறங்கினீர்கள். யார் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். வெள்ளை அங்கியில் தூசி ஒட்டியது. துவைத்தது நான்.

அதே வாரம் இந்தக் கூண்டில்தான் அவன் பாவசங்கீர்த்தனம் செய்தான். ஒரு மணி பத்து நிமிடம். நான் பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு கேட்கவில்லை, அழுகை மட்டும் கேட்டது. ஒரு கட்டத்தில் இரண்டு பேர் அழுவதுபோல் இருந்தது. என் பாவசங்கீர்த்தனம் ஒருநாளும் நாலு நிமிடத்தைத் தாண்டியதில்லை, ஃபாதர். “சரி சவரி, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிடு” என்று அனுப்பிவிடுவீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் சிலுவா வஞ்சிரம் வாங்கினாள். நடுத்துண்டு. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறேன், எனக்காக அவள் வஞ்சிரம் வாங்கியதில்லை. காரப்பொடி, மத்தி, ஏதோ ஒன்று. நானும் கேட்டதில்லை. அவன் வெந்துபோன கையால் சாப்பிட முடியாமல் தடுமாற, அவள் முள் எடுத்துக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: “இருவத்திரெண்டு வருசம் மச்சான். பிரியாணி துன்னாலும் மண்ணு துன்ற மாரி இருக்கும். சிரிச்சா, வேற எவனோ என் வாய வாங்கிகினு சிரிக்கிற மாரி இருக்கும். நான் அவர வுட்டாலும் அவரு வுடமாட்டாருன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன். எனக்குத் தெரியாம பூட்ச்சி.”

நான் சோறு போட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைத்தது வால்துண்டு.

பெரிய வியாழக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்கள் குனிந்திருந்தீர்கள், நான் நின்றுகொண்டிருந்தேன், எனக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் நீங்கள் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் பட்டியலை வருடா வருடம் எழுதுகிறவன் நான். நாற்காலி போடுவது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று கை விட்டுப் பார்ப்பது, துண்டு மடிப்பது எல்லாம் நான். தண்ணீர்ச் செம்பு பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் பன்னிரண்டில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. போன வருடம் நான் கொடுத்த பட்டியலில் கடைசிப் பெயரை அடித்துவிட்டு லூயிஸ் என்று உங்கள் கையால் எழுதினீர்கள்.

அவன் காலை நீட்டக் கூசினான். பித்தவெடிப்பு, சுண்டுவிரலில் நகம் இல்லை, இரும்புத் துரு தோலுக்குள் ஏறி இறங்காமல் நிற்கிறது. அந்தக் காலில் நான் தண்ணீர் ஊற்றினேன். நீங்கள் துடைத்தீர்கள், முத்தமிட்டீர்கள். மற்றவர்களுக்குப் பட்டும் படாமலும், அவனுக்கு மட்டும் ஒரு நொடி கூடுதலாக. கோயிலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எப்படிச் சொன்னாலும் அதற்கு வேறு பெயர் இல்லை, பொறாமைதான். நான் சம்பாதித்த அத்தனையையும் அவன் ஒரே அழுகையில் வாங்கிவிட்டான். நான் பாவம் செய்யாமல் இருந்ததற்கு அர்த்தம் என்ன என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

ஜூலையில் அவனுக்கு வயிறு வீங்கியது. ஈரல் முடிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆகஸ்டில் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை உங்கள் செல்போன் என்னிடம் இருக்கும். நீங்கள் படுக்க வேண்டும் என்று நானே ஏற்படுத்திய வழக்கம் அது. அவசரம் என்றால் எழுப்பு என்று சொல்லித்தான் கொடுப்பீர்கள். இரண்டரைக்குச் சிலுவா கூப்பிட்டாள். “அண்ணா, இவுருக்கு மூச்சு ஒரு மாரி வாங்குது. ஃபாதர கேக்கறாரு. அவஸ்தை எண்ணெ பூசணும், சீக்கிரம் கூட்டினு வாண்ணா.” கூட்டிவருகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

மாடி ஏறினேன். உங்கள் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே நீங்கள் இருமினீர்கள். வண்டியில் போனால் மூன்று நிமிடம். நீங்கள் ஓடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். செருப்புகூடச் சரியாகப் போடாமல் ஓடுவீர்கள். அவன் நெற்றியில் எண்ணெய் பூசுவீர்கள், நன்மை கொடுப்பீர்கள், குளித்துத் துடைத்த பிள்ளை மாதிரி அவன் நேராகப் போய்விடுவான். எனக்கு முன்னால். நான் கையை இறக்கினேன். தரை கிறீச்சிட்டது. “யாரு?” என்றீர்கள்.

“நான்தான் ஃபாதர். டீ போடட்டுங்களா?” என்றேன்.

சர்க்கரை குறைவாக என்றீர்கள். இஞ்சி தட்டிப் போட்டேன். குடித்துவிட்டு, இன்றைக்கு டீ நன்றாக இருக்கிறது சவரி என்றீர்கள். நீங்கள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான் என்பதால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்கள் போனை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். மெதுவாகத்தான் நடந்தேன்.

சந்து முனையில் சிலுவா மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நின்றாள். சாகிறவருக்கு நற்கருணை அப்பம் கொண்டுவரும்போது வீட்டிலிருந்து ஒருவர் வெளிச்சத்தோடு வந்து எதிர்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது ஃபாதர் வண்டியில் வந்துவிடுவதால் யாரும் செய்வதில்லை, அவள் விடவில்லை. கடல் காற்றுக்குக் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள். மறுபடி கூப்பிட்டால் உங்கள் போன் அணைந்து கிடக்கிறதே என்றாள். நீங்கள் எண்ணூருக்கு ஒரு பூசைக்குப் போயிருப்பதாகவும், போனை என்னிடம் விட்டுப் போனதாகவும், ஆள் அனுப்பியிருப்பதாகவும் சொன்னேன். “இந்த வழியாத்தான் வருவாரு. நீ எங்கியும் போவாம இங்கியே நில்லு. அவன நான் பாத்துக்கறேன்.”

அவள் அங்கேயே நின்றாள்.

ஜன்னல் இல்லாத அந்த அறையில் எல்லாம் முறைப்படி வைத்திருந்தாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத் துணி, சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, கிண்ணத்தில் தண்ணீர், விரல் துடைக்கப் பஞ்சு. லூயிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கண் என் தோளுக்குப் பின்னால் போயிற்று. உங்களைத் தேடினான்.

ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: குரு கிடைக்காமல் சாகிறவன் செய்த பாவத்துக்காக உள்ளூர வருந்தி உத்தம மனஸ்தாபப்பட்டால் போதும், ஆண்டவர் ஏற்றுக்கொள்வார். ஆக, உங்களை வரவிடாமல் செய்தது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். ஆண்டவர் மன்னிக்கமாட்டார் என்கிற அவநம்பிக்கை ஒன்றுதான் கதவை உள்ளேயிருந்து தாழ்போடும். அதையும் நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அதனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் காதுப்பக்கம் குனிந்து நிதானமாகச் சொன்னேன். “ஃபாதரு வரமாட்டேன்னுட்டாரு மச்சான். இருவத்திரெண்டு வருசம் தூக்கிக் கடாசினவனுக்கு ஏழு மாசத்துல எண்ணெ பூச முடியாதுன்னாரு. ஆண்டவரும் அத்தத்தான் சொல்லுவாருன்னாரு.”

அவன் கண்ணை மூடினான். மூச்சு மட்டும் ஓடியது. ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது வாயைத் திறந்தான்.

“பரவால்ல மச்சான். ஃபாதருக்கு இன்னா கோவமோ. அவரு வராங்காட்டி இன்னா, அவர அனுப்புற ஆளு வராம பூடுவாரா?” பிறகு என் கையைத் தேடிப் பிடித்தான். “நீ பேஜாராவாத. எனக்காவ போயி கேட்ட பாரு, அது போதும்.”

எனக்கு ஆறுதல் சொன்னான், ஃபாதர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டேன். இரண்டு மெழுகுவத்தியையும் ஊதி அணைத்தேன். நற்கருணை வராத இடத்தில் அவை எரிந்து ஏன் வீணாக வேண்டும். அவன் இருட்டிலேயே கையை நீட்டிச் சுரூபத்தைத் துழாவினான். நான் ஸ்டூலைக் காலால் ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினேன். இன்னும் கொஞ்சம் நீட்டினான். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். இப்படியே எவ்வளவு நேரம் போனது என்று சொல்ல முடியாது. கை ஒரு இடத்தில் நின்றது.

கையை மடித்து நெஞ்சின்மேல் வைத்தேன். ஸ்டூலைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன், மெழுகுவத்திகளை ஏற்றினேன். பிறகு சந்து முனைக்குப் போய்ச் சிலுவாவிடம் சொன்னேன். அவள் கையில் மெழுகு உருகி உள்ளங்கை முழுக்க வழிந்து உறைந்திருந்தது. “ஃபாதர் வந்தாரா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

உங்களிடம் திடீரென்று போய்விட்டான் என்றேன். நம்பினீர்கள். அடக்கப் பூசையில், சிலுவையில் தொங்கிய கள்ளனைப்போல் இவனும் கடைசியில் வந்து முதலில் நுழைந்துவிட்டான் என்று பிரசங்கம் வைத்தீர்கள். துக்க மணி நான் அடித்தேன். அதற்கப்புறம் ஏழு மாதமாகத் தினமும் உங்கள் கையிலிருந்து நன்மை வாங்குகிறேன். சுவை ஒன்றும் மாறவில்லை. சரியாகச் சொன்னால், சுவையே இல்லை. சோற்றுக்கும் அப்படித்தான் இருக்கிறது. வயசாகிவிட்டது, அதனால் இருக்கும்.

ஏன் இன்றைக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். நேற்றுச் சிலுவைப் பாதை முடிந்ததும் சிலுவா உங்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். ‘நீங்க அன்னிக்கு எண்ணூரு போவாம இருந்திருந்தா’ என்பதுவரை என் காதில் விழுந்தது. உங்கள் முகம் மாறியதையும் பார்த்தேன். நீங்கள் யோசிக்கத் தொடங்கினால் அந்த டீ வரைக்கும் வந்துவிடுவீர்கள். இனி வந்தாலும் வெளியே சொல்ல முடியாது. இந்தத் தட்டிக்கு இந்தப்பக்கம் சொன்னது அந்தப்பக்கமே இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தப் பங்கில் இல்லை.

உங்கள் வாயைக் கட்டத்தான் வந்தேன் என்று நினைக்காதீர்கள். அதுவும் உண்டு. ஆனால் அதற்கு மட்டும் என்றால் இவ்வளவு விவரம் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீங்கள் வேதசாஸ்திரம் படித்தவர். எண்ணெய் பூசவில்லை, நன்மை இல்லை, மெழுகுவத்தி இல்லை, சுரூபம் கைக்குக் கிடைக்கவில்லை. அப்படியும் அவன் உள்ளே போயிருப்பானா?

அழுகிறீர்கள். துண்டு என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

அவன் அங்கேதான் இருக்கிறான் என்கிறீர்கள். சந்தேகமே இல்லை என்கிறீர்கள். சரி. கதவு எனக்கும் திறந்துதான் இருக்கிறது, மனஸ்தாபப்படுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லு சவரி, ஒரே ஒரு வார்த்தை என்கிறீர்கள். படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோது இருந்த அதே குரல். எனக்காக இந்தக் குரலை நீங்கள் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

வேண்டாம், ஃபாதர். அந்தக் கையை இறக்குங்கள், எனக்குப் பாவமன்னிப்பு கொடுக்காதீர்கள். அவனைச் சேர்த்துக்கொண்ட வீட்டுக்குள் நான் வரப்போவதில்லை. ஆறு மணிப் பூசைக்கு நேரமாகிறது, நான் போய் மணி அடிக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆண்டவரை விட்டுப் போனவன் அவன். நான் ஒருநாளும் போனதில்லை.